ஹாஷிம் ஆம்லா: 311 ரன்களும் பதினான்கு டெஸ்ட்களின் தலைமையும்

ரமளான் பிறந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுமங்களுக்குத் தவறாமல் ஒரு செய்தி வந்து சேரும். அடர்ந்த தாடியுடன் ஒரு கிரிக்கெட் வீரர் மட்டையை உயர்த்தி நிற்கும் படம். அதன் கீழே, 'நோன்பு வைத்துக்கொண்டே 311 ரன்கள் குவித்த ஹாஷிம் ஆம்லா' என்று ஒரு வரி. அதற்கும் கீழே, மாஷா அல்லாஹ் சொல்லி பத்துப் பேருக்கு அனுப்புமாறு ஒரு வேண்டுகோள். படத்தில் இருப்பவர் ஆம்லாதான். 311 ரன்களும் உண்மை. நோன்பு மட்டும் உண்மையல்ல.

ஒரு முஸ்லிமைப் புகழ்வதற்காக என்றாலும் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வதற்கு மார்க்கத்தில் இடமில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். இந்த மனிதரின் வாழ்க்கையில் நடந்தவையே இவ்வளவு இருக்கும்போது, நடக்காததைச் சேர்க்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? தாடியையும் முச்சதத்தையும் தாண்டி அவரைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் தெரியவில்லை என்பதே நமக்குத் தோன்றும் காரணம். அவர் தம் நாட்டின் டெஸ்ட் அணிக்குத் தலைவராக இருந்தார் என்பதும், அந்தப் பொறுப்பைத் தாமே விட்டு இறங்கினார் என்பதும் பலருக்குப் புதுச் செய்தியாகவே இருக்கின்றன.

டர்பன் மண்

ஹாஷிம் முஹம்மது ஆம்லா 1983 மார்ச் 31 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தார். வளர்ந்தது அதற்கு வடக்கே, கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த டோங்காட் என்ற ஊரில். இந்தப் பகுதிக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டுப் போன ட்ரூரோ என்ற கப்பல்தான் 1860 நவம்பரில் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. தமிழும் தெலுங்கும் பேசிய அந்த மக்களின் வியர்வையில்தான் நட்டால் மாகாணத்தின் கரும்பு விளைந்தது. சில ஆண்டுகள் கழித்து, சொந்தச் செலவில் கப்பலேறி வணிகம் செய்ய வந்தவர்கள் குஜராத்தி முஸ்லிம்கள். 1893ல் காந்தியை வழக்கு ஒன்றுக்காகத் தென்னாப்பிரிக்காவுக்கு வரவழைத்த தாதா அப்துல்லா நிறுவனத்தார் அந்த வகுப்பைச் சேர்ந்தவர்கள். ஆம்லாவின் குடும்ப வேரும் குஜராத்தின் சூரத் பக்கம்தான்.

அவர் பிறந்தபோது அங்கே நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. வெள்ளையருக்கு ஒரு கிரிக்கெட், மற்றவர்களுக்கு வேறு கிரிக்கெட். வெள்ளையர் அல்லாதோரின் கிரிக்கெட் வாரியத்துக்குத் தலைமை தாங்கிய கேப்டவுன் முஸ்லிம் ஹசன் ஹோவா, இயல்பற்ற ஒரு சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்று சொல்லி, உரிமை கிடைக்கும்வரை சமரசமில்லை என்று நின்றார். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் தம் வாழ்க்கையை விலையாகக் கொடுத்தார்கள். எத்தனை திறமை இருந்தும் ஒரு சர்வதேசப் போட்டிகூட ஆடாமல் முதுமையடைந்தவர்கள் டர்பனிலும் கேப்டவுனிலும் நிறையப் பேர். ஆம்லாவின் ஒவ்வொரு ரன்னுக்கும் பின்னால் அவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

தடை நீங்கித் தென்னாப்பிரிக்கா முதன்முதலாக ஆடிய போட்டி 1991 நவம்பர் 10 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் நடந்தது. அப்போது ஆம்லாவுக்கு எட்டு வயது. மண்டேலா அதிபரான 1994ல் பதினொன்று. பேரி ரிச்சர்ட்ஸ் படித்த டர்பன் உயர்நிலைப் பள்ளியில் அவர் சேர முடிந்தது அந்த மாற்றத்தின் பலன். அவருடைய அண்ணன் அஹ்மதும் முதல்தர கிரிக்கெட் வீரர். 2002ல் நியூசிலாந்தில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவை இறுதிப் போட்டிவரை அழைத்துச் சென்ற தலைவர் ஹாஷிம் ஆம்லாதான். இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றார்கள். இருபத்தோராம் வயதில் டர்பனின் டால்பின்ஸ் அணிக்கும் அவர் தலைவரானார்.

ஒதுக்கீட்டு ஆள் என்றார்கள்

2004 நவம்பர் 28 அன்று இந்தியாவுக்கு எதிராக டெஸ்ட் அரங்கில் கால் வைத்தார். இடம் அதே ஈடன் கார்டன். தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணியில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் அவர். எடுத்தது 24 ரன்களும் 2 ரன்களும். அடுத்து இங்கிலாந்துக்கு எதிராக உள்நாட்டில் இரண்டு டெஸ்ட்கள், நான்கு இன்னிங்ஸ், எதுவும் தேறவில்லை. அணியிலிருந்து நீக்கப்பட்டார்.

மட்டையை அவர் பின்னோக்கித் தூக்கும்போது அது நேராகப் போகாமல் கல்லி திசையில் போய்ச் சுற்றி வரும். இந்த முறையை வைத்துக்கொண்டு வேகப்பந்தைச் சமாளிக்கவே முடியாது என்று வல்லுநர்கள் எழுதினார்கள். அதைவிடக் கசப்பான ஒன்றையும் சொன்னார்கள்: இவர் திறமையால் வரவில்லை, நிற ஒதுக்கீட்டால் வந்தவர் என்று. நூறு ஆண்டு காலம் வெள்ளைத் தோல் ஒன்றே தகுதியாக இருந்த அணியைப் பார்த்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நம் நாட்டில் இடஒதுக்கீட்டில் படித்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சின் சூடு சொல்லாமலே தெரியும்.

2006 ஏப்ரலில் கேப்டவுனில் நியூசிலாந்துக்கு எதிராக மீண்டும் வாய்ப்பு வந்தது. 149 ரன்கள் எடுத்தார். மட்டை அதே கல்லிப் பக்கம்தான் போய் வந்துகொண்டிருந்தது. அதை அவர் கடைசிவரை மாற்றவே இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் இலங்கைச் சுற்றுப்பயணம். கிரீம் ஸ்மித் காயத்தில் இருந்ததால் ஆஷ்வெல் பிரின்ஸ் அணியை நடத்தினார். தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணிக்கு வெள்ளையர் அல்லாத ஒருவர் தலைமை தாங்கியது அதுவே முதல் முறை. அந்தத் தொடரின் கொழும்பு டெஸ்டில் சங்கக்காராவின் கேட்ச் ஒன்றை ஆம்லா பிடித்தார். வர்ணனை அறையில் இருந்த ஆஸ்திரேலிய முன்னாள் வீரர் டீன் ஜோன்ஸ், பயங்கரவாதிக்கு இன்னொரு விக்கெட் கிடைத்துவிட்டது என்றார். விளம்பர இடைவேளை என்று நினைத்துச் சொன்ன சொல் தென்னாப்பிரிக்காவில் நேரலையில் போய்விட்டது. டென் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் அவரை உடனே வேலையிலிருந்து நீக்கியது.

செப்டம்பர் 11க்குப் பின் ஐந்தாண்டு ஆகியிருந்த காலம் அது. தாடி வைத்தவர்கள் விமான நிலையத்தில் தனியாக நிறுத்தப்பட்ட காலம். ஜோன்ஸ் மன்னிப்புக் கேட்டார், ஆம்லா ஏற்றுக்கொண்டார். நேர்காணல் மேல் நேர்காணல் கொடுத்து அதைத் தம் அடையாளமாக ஆக்கிக்கொள்ளவில்லை. இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மன்னித்தது ஆம்லா, வேலையை விட்டு நீக்கியது நிறுவனம். இரண்டும் நடந்ததால்தான் அந்த மன்னிப்புக்கு மதிப்பு வந்தது. தண்டனையே இல்லாத இடத்தில் பாதிக்கப்பட்டவனிடம் மட்டும் பெருந்தன்மையை எதிர்பார்ப்பது வேறு கதை.

சட்டையில் இல்லாத ஒரு முத்திரை

தென்னாப்பிரிக்க அணிக்கு அப்போது காசில் லாகர் என்ற பீர் நிறுவனம் புரவலர். வீரர்கள் எல்லோருடைய சட்டையிலும் அதன் முத்திரை இருக்கும். ஆம்லாவின் சட்டையில் இருக்காது. மதுவை விளம்பரப்படுத்த என் மார்க்கத்தில் இடமில்லை என்று அவர் வாரியத்திடம் கோரினார், வாரியம் ஒப்புக்கொண்டது. அதற்காகச் சக வீரர்களை அவர் குறை சொன்னதாகவோ, அவர்கள் சட்டையையும் மாற்றச் சொன்னதாகவோ ஒரு செய்தியும் இல்லை. 2011ல் வேகப்பந்து வீச்சாளர் வெய்ன் பார்னெல் இஸ்லாத்தைத் தழுவியபோது எல்லோரும் ஆம்லாவையே பார்த்தார்கள். அது பார்னெல் தாமே எடுத்த முடிவு, சக வீரர்கள் யாரும் தூண்டவில்லை என்று அணி மேலாளர் முஹம்மது மூசாஜீ விளக்கம் அளித்தார்.

நம் ஊரில் ஜும்ஆவுக்கு வரும் இளைஞர்களின் முதுகைப் பார்த்தால் ஐரோப்பியக் கால்பந்து சங்கங்களின் சட்டைகள். நெஞ்சில் சூதாட்ட நிறுவனத்தின் பெயர். காசு வாங்கிக்கொண்டு அணிவதைக்கூட ஒருவர் மறுத்தார்; நம் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கி அணிகிறார்கள். பெற்றோர் ஒரு முறை சட்டையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

கொல்கத்தாவும் ஓவலும்

2008 மார்ச்சில் சேப்பாக்கத்தில் ஆடிய டெஸ்டை நம்மவர்கள் ஷேவாக்கின் 319 ரன்களுக்காகவே நினைவு வைத்திருக்கிறார்கள். அதே ஆட்டத்தில் ஆம்லா 159, 81 என இரு இன்னிங்ஸிலும் நின்று ஆடினார். அடுத்த முறை 2010 பிப்ரவரியில் இந்தியா வந்தபோது அவரை ஆட்டமிழக்கச் செய்வதே பெரும்பாடாகிவிட்டது. நாக்பூரில் ஆட்டமிழக்காமல் 253. தென்னாப்பிரிக்கா இன்னிங்ஸ் வெற்றி. பிறகு கொல்கத்தாவில் 114. இரண்டாம் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 123. மூன்று இன்னிங்ஸில் 490 ரன்கள், ஆட்டமிழந்தது ஒரே ஒரு முறை.

அந்த இரண்டாம் இன்னிங்ஸைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். இந்தியா 643 ரன்கள் குவித்து ஆட்டத்தைக் கையில் வைத்திருந்தது. ஐந்தாம் நாளில் டிரா செய்வது ஒன்றே வழி. மறுபுறம் விக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருக்க, ஆம்லா 394 பந்துகளைச் சந்தித்தார். கடைசி ஆட்டக்காரர் மோர்னி மோர்கல் உடன் நின்றார். இன்னும் ஒன்பது பந்துகள் தாங்கினால் ஆட்டமும் தொடரும் காப்பாற்றப்படும். ஹர்பஜன் சிங் மோர்கலை எல்பிடபிள்யூ முறையில் வீழ்த்தினார். மைதானமே கொண்டாட்டத்தில் மூழ்க, மறுமுனையில் தோல்வியடையாத ஒருவர் தோற்ற அணியுடன் நடந்து போனார். ஐந்தாண்டுகளுக்கு முன் 24 ரன்னும் 2 ரன்னும் எடுத்த அதே மைதானம். தொடர் நாயகன் விருது அவருக்கே கிடைத்தது.

இனி, வாட்ஸ்அப்பின் 311. லண்டன் ஓவல் மைதானத்தில் 2012 ஜூலை 19 அன்று தொடங்கிய டெஸ்ட் அது. இங்கிலாந்து 385 ரன்கள் எடுத்தது. தென்னாப்பிரிக்கா இரண்டே விக்கெட் இழந்து 637 ரன்களில் ஆட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது: ஸ்மித் 131, ஜாக் காலிஸ் ஆட்டமிழக்காமல் 182, ஆம்லா ஆட்டமிழக்காமல் 311. அவர் சந்தித்தவை 529 பந்துகள், களத்தில் நின்றது பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல். தென்னாப்பிரிக்கர் ஒருவர் டெஸ்டில் எடுத்த முதல் முச்சதம் அது. அதற்கு முன் ஏபி டி வில்லியர்ஸின் 278தான் உச்சம். இன்னிங்ஸ் வெற்றி கிடைத்தது.

அந்த ஆட்டத்தின் நடுவே ரமளான் பிறந்தது. அந்தப் பருவத்தில் லண்டனில் நோன்பு பதினேழு மணி நேரத்துக்கு மேல் நீளும். ஆம்லா அப்போது நோன்பு வைக்கவில்லை. நாங்கள் பயணத்தில் இருக்கிறோம், அதனால் இப்போது கடமையில்லை, ஊர் திரும்பியதும் நோற்றுவிடுவேன் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். பயணிக்கும் நோயாளிக்கும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளும் சலுகையை அல்லாஹ்வே குர்ஆனில் வழங்கியிருக்கிறான். நபி (ஸல்) அவர்களுடன் பயணம் சென்ற ஸஹாபாக்களில் நோன்பு வைத்தவர்களும் இருந்தார்கள், வைக்காதவர்களும் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் குறை சொன்னதில்லை என்று ஹதீஸில் வருகிறது. ஓரிடத்தில் எத்தனை நாள் தங்க நினைத்தால் ஒருவர் பயணி என்ற நிலையை இழப்பார் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈயில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள்; ஹனஃபியில் பதினைந்து நாட்கள். அவருடைய பயணக் கணக்கு அவருக்கும் அவர் பின்பற்றும் ஆலிம்களுக்கும் இடையிலானது, நாம் புகுந்து தீர்ப்புச் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

நமக்கு வியப்பளிப்பது வேறு. உலகமே மெச்சும் நேரத்தில், 'ஆமாம், நோன்போடுதான் ஆடினேன்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவர் சலுகையைச் சலுகை என்றே சொன்னார். அந்த நேர்மையை அழித்துவிட்டு, அதன் மேல் நாம் ஒரு கற்பனை நோன்பை எழுதி வைத்திருக்கிறோம்.

அந்தத் தொடரின் கடைசி டெஸ்டில், லார்ட்ஸில் அவர் எடுத்த 121 ரன்களும் சேர்ந்து தென்னாப்பிரிக்காவை உலகத் தரவரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுபோயின. சில மாதங்களில் பெர்த்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 221 பந்துகளில் 196. நிதானமான ஆட்டக்காரர் என்று பெயரெடுத்தவர் ஏறக்குறைய பந்துக்கு ஒரு ரன் வேகத்தில் ஆடிய இன்னிங்ஸ் அது. விஸ்டன் ஆண்டிதழ் 2013ல் தேர்ந்தெடுத்த ஐந்து வீரர்களில் அவரும் ஒருவர்.

ஒருநாள் போட்டிக்கு இவர் ஏற்றவரல்ல என்ற பேச்சும் இருந்தது. டெஸ்ட் ஆடத் தொடங்கி மூன்றாண்டுக்கு மேல் கழித்து, 2008ல்தான் அந்த வாய்ப்பே வந்தது. பிறகு 2000, 3000, 4000, 5000, 6000, 7000 என ஒவ்வொரு ஆயிரத்தையும் அந்நேரத்தில் உலகிலேயே மிகக் குறைந்த இன்னிங்ஸில் கடந்தவர் ஆம்லாதான். 5000 ரன் சாதனையைப் பின்னர் பாபர் ஆஸம் முறியடித்தார்.

தலைமை

2003ல் இருபத்திரண்டு வயதில் தலைவரான கிரீம் ஸ்மித் 2014 மார்ச்சில் ஓய்வு பெற்றார். பதினோர் ஆண்டுக்குப் பின் முதன்முறையாகத் தென்னாப்பிரிக்கா ஒரு டெஸ்ட் தலைவரைத் தேட வேண்டி வந்தது. ஒருநாள் அணியின் தலைவரான டி வில்லியர்ஸுக்கே கிடைக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட பெயர் ஹாஷிம் ஆம்லா. தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணிக்கு நிரந்தரத் தலைவராக நியமிக்கப்பட்ட முதல் வெள்ளையர் அல்லாதவர் அவர்.

முதல் பணியாக ஜூலையில் இலங்கைப் பயணம். காலேயில் அவர் துணிந்து ஆட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்து இலங்கைக்கு 370 ரன்கள் இலக்கு வைத்தார். வேகப்பந்து வீச்சாளர் டேல் ஸ்டெய்ன் அந்த ஆட்டத்தில் ஒன்பது விக்கெட் எடுக்க, 153 ரன் வித்தியாசத்தில் வெற்றி. அதே ஆட்டத்தில் பந்தின் தன்மையை மாற்றியதற்காக வெர்னன் ஃபிலாண்டருக்கு ஆட்ட ஊதியத்தில் முக்கால் பங்கு அபராதம் விதிக்கப்பட்டதையும் சொல்லிவிட வேண்டும். தலைமையின் முதல் ஆட்டத்திலேயே வந்த கறை அது.

அடுத்து கொழும்பில் முதல் இன்னிங்ஸில் ஆம்லா ஆட்டமிழக்காமல் 139. கடைசி நாளில் அணியைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தபோது 159 பந்துகளில் 25 ரன்கள். எட்டு விக்கெட் போன நிலையில் ஆட்டம் டிராவானது. 1993க்குப் பிறகு இலங்கை மண்ணில் தென்னாப்பிரிக்கா வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. எட்டு ஆண்டுகளுக்கு முன் எந்தக் கொழும்பு நகரின் வர்ணனை அறையிலிருந்து அந்தச் சொல் கிளம்பியதோ, அதே நகரில் அணித் தலைவராகக் கோப்பையை வாங்கினார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதாக நாம் படிக்கவில்லை.

ஜிம்பாப்வேயுடன் ஒரு வெற்றி. மேற்கிந்தியத் தீவுகளுடன் உள்நாட்டில் 2-0. செஞ்சூரியனில் அவர் 208 எடுத்தார். 2015ல் வங்கதேசத்தில் இரண்டு டெஸ்ட்களையும் மழை கொண்டுபோயிற்று.

பிறகு வந்தது இந்தியா. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பந்து முதல் நாளிலிருந்தே சுழன்ற ஆடுகளங்களில், நம் அஸ்வின் அந்தத் தொடரில் 31 விக்கெட்டுகள் எடுத்தார். நாக்பூர் ஆடுகளம் மோசமானது என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலே மதிப்பிட்டது. மொஹாலி, நாக்பூர், டெல்லி மூன்றிலும் தோல்வி. பெங்களூரை மழை காப்பாற்றியது. ஒன்பது ஆண்டுகளாக வெளிநாட்டில் தொடர் தோற்காத அணி 0-3 என்று தோற்றது. ஐந்தாண்டுகளுக்கு முன் இதே நாட்டில் மூன்று இன்னிங்ஸில் 490 எடுத்தவர், இம்முறை தொடர் முழுவதும் சேர்த்து 118 ரன்கள் மட்டுமே எடுத்தார்.

டெல்லியின் கடைசி இன்னிங்ஸை விளங்காமல் சிரித்தவர்கள் அன்று நிறைய. வெற்றிக்கு வாய்ப்பே இல்லை, மீதி இருப்பது நேரம் மட்டும். ஆம்லா 244 பந்துகளில் 25 ரன்கள். டி வில்லியர்ஸ் 297 பந்துகளில் 43. அணி 143 ஓவர்கள் நின்று எடுத்தது 143 ரன்கள். கடைசியில் தோற்கத்தான் செய்தார்கள், அதுவும் 337 ரன் வித்தியாசத்தில். ஆனால் ஒரு தலைவர் தம் ஆட்டக்காரர்களிடம் எதைக் கேட்டாரோ அதை முதலில் தாமே செய்தார். தொடர் கைவிட்டுப் போன பிறகும் அந்த ஆட்டத்தை அவர் கைவிடவில்லை.

ஊர் திரும்பியதும் இங்கிலாந்துடன் டர்பனில், அவர் பிறந்த நகரிலேயே, 241 ரன் வித்தியாசத்தில் இன்னொரு தோல்வி. அணி விழுகிறது, தலைவரின் மட்டையும் பேசவில்லை. அவரை மாற்ற வேண்டும் என்ற குரல்கள் சத்தமாகின.

2016 ஜனவரி 2, கேப்டவுன். பென் ஸ்டோக்ஸ் 258 ரன்கள் விளாச, இங்கிலாந்து 629 ரன்களில் ஆட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. இன்னொரு பெருந்தோல்வி என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆம்லா 477 பந்துகள் நின்றார். ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். 201 ரன்கள். அதே இன்னிங்ஸில் தெம்பா பவுமா ஆட்டமிழக்காமல் 102 எடுத்தார். தென்னாப்பிரிக்காவுக்காகக் கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் அடித்த முதல் டெஸ்ட் சதம் அதுதான். தென்னாப்பிரிக்கா 627 எடுத்தது. ஆட்டம் டிரா ஆனது.

அன்று மாலை ஆம்லா தலைமைப் பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

தொடரில் இன்னும் இரண்டு டெஸ்ட்கள் மீதமிருந்தன. அப்போதுதான் இரட்டைச் சதம் அடித்திருந்தார். அவரை நீக்கும் துணிவு அந்த வாரத்தில் எவருக்கும் வந்திருக்காது. பேட்ஸ்மேனாகவும் மூத்த வீரராகவும் அணிக்குத் தம்மால் அதிகம் செய்ய முடியும், தலைமைக்கு வேறொருவர் பொருத்தமாக இருக்கலாம் என்பதே அவர் சொன்ன காரணம். கெட்ட நாளில் விலகினால் ஓடிப்போனார் என்பார்கள். நல்ல நாளில் யாரும் விலகுவதில்லை. அவர் முதலில் அணியைக் கரை சேர்த்தார், பிறகு பொறுப்பை ஒப்படைத்தார். மீதித் தொடருக்கு டி வில்லியர்ஸ் தலைமை ஏற்க, ஆம்லா அவருக்குக் கீழே ஆடினார்.

பொறுப்பு என்பது அமானிதம் என்று நாம் மிம்பரில் சொல்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகத்தில் முத்தவல்லி பதவிக்கு நடக்கும் போட்டிகளையும், வக்ஃப் வாரியம்வரை போகும் வழக்குகளையும் பார்த்தவர்களுக்கு, நாற்காலியிலிருந்து தாமாக எழுந்த ஒரு மனிதர் வியப்பாகத்தான் இருப்பார்.

கணக்கை மட்டும் பார்த்தால் அவருடைய தலைமை பெரிய வெற்றியல்ல. 14 டெஸ்ட்கள், 4 வெற்றி, 4 தோல்வி, 6 டிரா. ஸ்மித்தைப் போலக் கூச்சலிட்டு அணியை உசுப்பும் சுபாவம் அவருக்கு இல்லை. சில நேரங்களில் களத்தில் ஆட்டம் தானாகப் போகட்டும் என்று விட்டுவிட்டார் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அந்தப் பதினெட்டு மாதங்களில்தான் இரு இளைஞர்கள் அவர் தலைமையில் முதல் டெஸ்ட் ஆடினார்கள். ஒருவர் பவுமா, 2014 டிசம்பரில். மற்றவர் வேகப்பந்து வீச்சாளர் ககிசோ ரபாடா, 2015 நவம்பரில் மொஹாலியில். அதே பவுமா பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பின ஆப்பிரிக்க டெஸ்ட் தலைவரானார். 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் கோப்பையைக் கையில் ஏந்தினார். ரபாடா அந்த ஆட்டத்தில் ஒன்பது விக்கெட்டுகள் எடுத்தார்.

பிந்தைய ஆண்டுகள்

தலைமையை விட்ட பின் ஆம்லா மூன்றரை ஆண்டுகள் ஆடினார். 2017 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் இலங்கைக்கு எதிராகத் தம் நூறாவது டெஸ்டில் 134 ரன்கள். அதே ஆண்டு ஐபிஎல்லில் பஞ்சாப் அணிக்காக இரண்டு சதங்கள். இரண்டு ஆட்டங்களிலும் அணி தோற்றது. கடைசி இரண்டு ஆண்டுகளில் ரன்கள் வறண்டன. 2019 பிப்ரவரியில் போர்ட் எலிசபெத்தில் கடைசி டெஸ்ட். அந்த ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து விடைபெற்றார். 124 டெஸ்ட்களில் 9282 ரன்கள், 28 சதங்கள். 181 ஒருநாள் போட்டிகளில் 8113 ரன்கள், 27 சதங்கள். உலகக் கோப்பை மட்டும் அவர் கைக்கு வரவில்லை.

பின்பு இங்கிலாந்தின் சர்ரே கவுண்டிக்கு ஆடப் போனார். 2021 ஜூலையில் சவுத்தாம்ப்டனில் ஹாம்ப்ஷயருக்கு எதிரான நான்கு நாள் ஆட்டம். சர்ரே தோல்வியின் விளிம்பில் இருந்தது. முப்பத்தெட்டு வயது ஆம்லா 278 பந்துகளைச் சந்தித்து எடுத்தது வெறும் 37 ரன்கள். எட்டு விக்கெட் போன பிறகும் அவர் அசையவில்லை. ஆட்டம் டிராவானது. அடுத்த ஆண்டு சர்ரே கவுண்டி சாம்பியன்ஷிப் பட்டத்தை வென்றது. 2023 ஜனவரியில் எல்லா வகைக் கிரிக்கெட்டிலிருந்தும் ஓய்வு பெற்று, பேட்டிங் பயிற்சியாளராகத் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பினார்.